அடுத்த ஆலைக்கு எட்டாத பாடம்

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலை ஆந்திர எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் உள்ள எளாவூரை, அவ்வழியே பிரயாணம் செய்வோரில் பெரும்பாலோர் அதன் சோதனைச்சாவடியைக் கொண்டுதான் அறிவார்கள். ஆனால் அந்தச் சாவடியைக் கடந்துபோகும் லாரிகளின் சுமைகளைச் சற்றுக் கவனித்துப் பார்ப்பவருக்கு, இந்த வட்டாரத்தின் ஜீவனம் எதில் தங்கியிருக்கிறது என்பது எளிதில் விளங்கிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்து உருக்காலைகளும், உருக்கிய இரும்பைக் கம்பியாக்கும் ரோலிங் மில்களும், ஈயம் காய்ச்சும் ஆலைகளும், ரசாயனத் தொழிற்சாலைகளும் எழுந்திருக்கின்றன. அவற்றில் உள்ளூர் மக்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் இரவு பகல் பாராமல் உழைக்கிறார்கள். இவர்கள் ஷிப்டுக்குப் போன உடம்போடு அறைக்குத் திரும்ப வேண்டும் என்ற கவலையையே உத்தியோகமாக ஏற்றுக்கொண்டவர்கள் சிலர் அந்த ஆலைகளில் இருக்கிறார்கள். ஆலைக்குள் அவர்களை ‘சேஃப்டி ஆபீஸர்’ என்று அழைக்கிறார்கள். தம் கடமையைச் செய்வதற்கு அவர்களுக்கு வேண்டிய ஆதாரபூர்வமான அறிவு எங்கிருந்து வருகிறது, வராமற்போவதற்குக் காரணம் என்ன என்பதைச் சற்று ஆழ்ந்து விசாரிப்பது நம் எல்லோருடைய பொறுப்புமாகும்.

இண்டக்‌ஷன் உலை வைத்து நடக்கும் ஓர் உருக்காலையின் முற்றத்தை எடுத்துக்கொள்வோம். மலையாகக் குவிந்து கிடக்கும் பழைய இரும்பில் மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பர்கள் உண்டு. மூடி கழற்றப்படாமலே நசுங்கிய டப்பாக்கள் உண்டு. வால்வு அடைத்த சிறு சிலிண்டர்கள் உண்டு. முந்தைய நாள் பெய்த மழைநீரை வயிற்றில் தேக்கிக்கொண்ட குழாய்த் துண்டுகளும் உண்டு. ஏறத்தாழ 1,600 டிகிரி வெப்பத்தில் உருகி நிற்கும் எஃகுக்குள் இவற்றில் ஒன்று தப்பித்தவறி விழுந்துவிட்டால், உள்ளே அடைபட்டிருந்த நீர் கண நேரத்தில் ஆவியாகி, முன்பிருந்ததைப்போல் சுமார் 1,700 மடங்கு இடத்தை வேண்டி வெடித்து, உருகிய இரும்பை உலையடியில் நிற்பவர்கள்மீது வாரி இறைத்துவிடும். இதைத் தடுக்கும் உபாயங்கள் யாரும் அறியாத ரகசியங்கள் அல்ல: ஸ்கிராப்பைக் கூரையின்கீழ் உலர வைப்பது, மூடிய கலங்களை வெட்டித் திறந்த பிறகே உலைப்பக்கம் அனுப்புவது, முன்கூட்டிச் சூடேற்றுவது, கையால் போடுவதை விட்டு இயந்திரத்தால் போடுவது, உருகாத இரும்பு உலையின் மேற்புறத்தில் ஏடுகட்டிக்கொண்டு அடியில் வெப்பம் அளவுகடந்து ஏறுகிறதா என்று ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பார்ப்பது என்று பலவும் உண்டு. இவற்றில் எதை முதலில் செய்வது, எது தம் ஆலையின் இடத்துக்கும் முதலுக்கும் பொருந்துவது, எது காகிதத்தில் மட்டும் நன்றாக இருந்து நடைமுறையில் தோற்றுப்போவது என்பதுதான் சேஃப்டி ஆபீஸர் அறிய விரும்பும் விஷயம். அந்தக் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி, மதிலுக்கு அப்பால் உள்ள ஆலையில், தீக்காயம் பட்ட தொழிலாளியைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றே கிடைத்துவிட்டிருக்கக்கூடும். ஆனால் அந்த விடை மதிலைத் தாண்டி வருவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு முறையை இந்த வட்டாரமே கண்டிருக்கிறது. 2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா சென்ற பாக்மதி எக்ஸ்பிரஸ், எளாவூருக்குத் தெற்கே கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின்மீது மோதியது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அந்த விபத்தை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தார். அந்த ஆணையமோ ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல், சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயிலை ஓட்டுகிறவரே ரயில் விபத்துக்கு நீதிபதியாக இருக்கலாகாது என்ற உயர்ந்த தத்துவம் அந்த ஏற்பாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. ஒரே மண்ணில், தண்டவாளத்தின்மேல் நடந்த விபத்துக்கு ஒரு நீதியும், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆலைக்குள் நடந்த விபத்துக்கு வேறொரு நீதியுமாக இருக்கிறது. ஆலையில் மரணம் நேர்ந்தால் போலீசார் வழக்குப் பதிகிறார்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரி வந்து பார்த்து அறிக்கை எழுதுகிறார். வழக்கு நடந்தாலும் நடக்கும். ஆனால் அது ஏன் நேர்ந்தது, எப்படித் தடுத்திருக்கலாம் என்ற ஞானம், பக்கத்து ஆலைக்காரர் எடுத்துப் படிக்கத்தக்க உருவில் வெளிவருவதை நாம் காண்பதில்லை.

நம் முன்னோர் ஒரு விஷயத்தை உண்மையென்று தெளிவதற்குரிய அளவைகளைப் பற்றி நுட்பமாகச் சிந்தித்தவர்கள். சைவ சித்தாந்த சாஸ்திரங்கள் பலவகை அளவைகளை எடுத்துக் கூறி, முடிவில் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடக்குகின்றன. கண்ணால் கண்டு அறிவது ஒன்று. கண்டதிலிருந்து காணாததை அனுமானித்து அறிவது மற்றொன்று. நம்பத்தகுந்தவர்களின் வாக்கைக் கொண்டு அறிவது மூன்றாவது. ஓர் ஆலையில் உயிரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவருக்கும் இம்மூன்றுமே வேண்டும். துரதிர்ஷ்டவசமாக, மூன்றுமே இன்று அவருக்குக் குறைபாட்டோடுதான் கிடைக்கின்றன.

முதலில் காண்டலை எடுத்துக்கொள்வோம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், விபத்தில் காயமுற்றவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமற்போனால் அதை அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று விதித்தது. அப்படித் தெரிவிக்கப்பட்டவற்றைத் தொகுக்கும் மத்திய அரசின் தொழிற்சாலை ஆலோசனை சேவை மற்றும் தொழிலாளர் நிலையங்களின் தலைமை இயக்ககம் வெளியிட்ட கணக்கின்படி, 2017 முதல் 2020 வரை பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் ஆண்டுக்குச் சராசரியாக 1,109 பேர் மாண்டிருக்கிறார்கள். காயமுற்றவர்கள் 4,000-க்குச் சற்று மேல். அதாவது ஒரு மரணத்துக்கு நான்கு காயங்கள். பிரிட்டனில் 2023-24-ஆம் ஆண்டில் எல்லாத் தொழில்களிலும் சேர்த்து வேலையிடத்தில் மாண்டவர்கள் 138 பேர். முதலாளிகள் தெரிவித்த காயங்களோ 61,000-க்கு மேல். அங்கே ஒரு மரணத்துக்கு நானூறுக்கும் மேற்பட்ட காயங்கள் கணக்கில் ஏறுகின்றன. அந்நாட்டில் சாதாரணக் காயமானால் ஏழு நாளைக்கு மேல் வேலை தடைப்பட்டால்தான் தெரிவிக்க வேண்டும்; நம் சட்டமோ இரண்டு நாள் தடைப்பட்டாலே தெரிவிக்கச் சொல்கிறது. ஆகவே நியாயமாகப் பார்த்தால் நம் கணக்கில் காயங்களின் விகிதம் இன்னும் அதிகமாக இருந்திருக்க வேண்டும். இந்நாட்டு இயந்திரங்கள் கொன்றால் கொல்லும், காயப்படுத்தாது என்று எவரும் நம்பமாட்டார்கள். பிணத்தை மறைப்பது கடினம். நசுங்கிய விரலை மறைப்பது சுலபம் என்பதே அந்த எண்களின் உட்பொருள்.

மறைப்பதற்குத் தூண்டுதலும் ஆலையின் வாசலிலேயே தொங்குகிறது. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, அதன்கீழ் ஒவ்வொரு நாளும் எண்ணை மாற்றி எழுதும் பலகையைப் பல தொழிற்சாலைகளில் காணலாம். நல்லெண்ணத்தோடு வைக்கப்பட்ட பலகைதான். ஆனால் அந்த எண் உயர்ந்துகொண்டே போகவேண்டும் என்பது நிர்வாகத்தின் கௌரவமாகவும், சில இடங்களில் பரிசுக்கும் போனஸுக்கும் அளவுகோலாகவும் ஆகிவிட்ட பிறகு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தன்னால் அந்த எண் சைபராகிவிடுமே என்று அஞ்சும் கான்ட்ராக்ட் தொழிலாளி, தன் காயத்தைச் சொல்லாமலே மறுநாள் வேலைக்கு வருகிறான். வராவிட்டால் கூலி போகிறது, சொன்னால் மேஸ்திரியின் முகம் மாறுகிறது. அன்று அவன் விரலை உரசிச் சென்ற சங்கிலி, ஆறு மாதம் கழித்து வேறொருவனுடைய கையையே இழுத்துக்கொள்ளும்போது, சேஃப்டி ஆபீஸருக்கு அது முன்னறிவிப்பில்லாமல் வந்த விபத்தாகத் தோன்றுகிறது. முன்னறிவிப்பு வந்துதான் இருந்தது; அதைச் சொல்வதற்கு வழி இல்லை.

அடுத்தது கருதல். கண்ட சிலவற்றிலிருந்து பொது விதியை அனுமானிப்பது அறிவின் இயல்பு; ஆனால் காட்சி பிழையானால் அனுமானமும் பிழையாகும். பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் இன்றும் சித்திரம் வரைந்து காட்டப்படும் ஒரு முக்கோணம் உண்டு. அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்த ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்பவர் 1931-இல் வெளியிட்ட நூலில், ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயம் விளைவிக்காத 300 சம்பவங்களும் இருக்கின்றன என்று கூறினார். விபத்துகளில் நூற்றுக்கு 88 தொழிலாளியின் அபாயகரமான செயலால் நேர்கின்றன என்பதும் அவருடைய முடிவு. அவர் ஆராய்ந்த மூலக் கோப்புகள் இன்று யாருக்கும் பார்க்கக் கிடைப்பதில்லை. அவற்றில் பெரும்பகுதி மேற்பார்வையாளர்கள் எழுதிக்கொடுத்த குறிப்புகளிலிருந்து வந்தவை. மேற்பார்வையாளரைக் கேட்டால் தவறு தொழிலாளியுடையது என்று அவர் சொல்வதில் வியப்பென்ன இருக்கிறது? சிறு சம்பவங்களைக் கவனிக்க வேண்டும் என்ற அவருடைய உபதேசம் போற்றத்தக்கதே. ஆனால் நூற்றுக்கு 88 என்ற அந்த எண், பரிசோதிக்கப்படாமலே கடல் கடந்து நம் ஊர் உலைக்களம் வரை வந்து, ‘கவனக்குறைவே காரணம்’ என்று எழுதி அறிக்கையை முடித்துவிடும் வழக்கத்துக்கு ஒரு சாஸ்திர அந்தஸ்தைக் கொடுத்துவிட்டது. கவனக்குறைவு என்று எழுதியாகிவிட்டால், ஸ்கிராப் முற்றத்துக்குக் கூரை போடவேண்டிய செலவு மிச்சம்; பன்னிரண்டு மணி நேர வேலையைக் குறைக்கவேண்டிய சங்கடமும் மிச்சம்.

மூன்றாவது அளவையான உரை, இருவகைப்பட்டது. முதல்வகை, உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைச் சலித்துப் புடைத்து அறிஞர்கள் கூறும் தீர்மானம். எந்தச் சிகிச்சை உண்மையில் குணப்படுத்துகிறது என்பதைச் சோதித்து, சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்த பிறகே மருத்துவர் நம்ப வேண்டும் என்று 1972-இல் நூல் எழுதிய ஆர்ச்சி காக்ரேன், தம் ஆராய்ச்சியின் இளமைக்காலத்தை வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் தூசிநோயைப் பற்றி ஆராய்வதில் கழித்தவர் என்பது நினைவில் வைக்கத்தக்கது. அவர் பெயரால் இயங்கும் அமைப்புக்கு நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேயே நெடுங்காலம் ஒரு மையம் இருந்திருக்கிறது. அந்த அமைப்பின் தொகுப்பாய்வுகள் தொழிலகப் பாதுகாப்புக்கும் உண்டு. பாரம் தூக்கும் முறையைப் பற்றி வகுப்பு நடத்துவதால் மட்டும் முதுகுவலி தடுக்கப்படுவதற்கு ஆதாரமில்லை என்று அவற்றில் ஒன்று காட்டியது. முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து என்று ஆண்டுதோறும் நாம் நடத்தும் வகுப்புகளைவிட, பாரத்தின் எடையையும் தூக்கும் உயரத்தையும் மாற்றுவதைப் பற்றிச் சிந்திப்பதே மேல் என்பது அதிலிருந்து நாம் கொள்ளக்கூடிய கருத்து.

மற்றோர் ஆய்வு காதைப் பற்றியது. ரோலிங் மில்லில் நிற்பவருக்குப் பஞ்சுபோன்ற அடைப்பானைக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டால் கடமை முடிந்ததென்று நாம் எண்ணுகிறோம். அந்த அடைப்பானை விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய திரியாக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, துவாரம் நேரானவுடன் உள்ளே செலுத்தி, அது விரிந்து நிறையும்வரை விரலால் அமர்த்திப் பிடித்திருக்க வேண்டும். இப்படிச் செய்யக் கற்றுக்கொடுத்தால், கற்றுக்கொடுக்காததைவிட 8 டெசிபலுக்கு மேல் கூடுதலான காப்பு கிடைக்கிறது என்று சோதனைகள் காட்டின. எண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் காதுக்குள் புகும் ஒலியின் ஆற்றல் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது என்பது அதன் பொருள். காசு செலவில்லாத, ஐந்து நிமிஷத்தில் கற்பிக்கக்கூடிய இந்த வித்தை ஆங்கிலச் சஞ்சிகையில் இருக்கிறது. தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் ஆலைச் சுவரில் இல்லை. இரவு ஷிப்டு முடிந்து, பதிவேடுகளை நிரப்பி, ஆய்வாளருக்கு வேண்டிய படிவங்களைத் தயார் செய்யும் மனிதர், நாற்பது பக்க ஆராய்ச்சிக் கட்டுரையைத் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது தர்மமல்ல.

உரையின் இரண்டாவது வகை தொழிலாளியின் வாக்கு. இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாஸினி 1700-இல் தொழில்நோய்களைப் பற்றி எழுதிய நூலில், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு அவன் செய்யும் தொழில் என்ன என்பதையும் கேட்கவேண்டுமென்று வற்புறுத்தினார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதன் பயனை நம் நாட்டிலேயே பார்க்க முடிகிறது. ஹரியானாவின் மானேசர் பகுதியில் ‘சேஃப் இன் இந்தியா’ என்ற நிறுவனம், மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலைகளின் பவர் பிரஸ்களில் விரலை இழந்து வரும் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் உதவி பெற்றுக்கொடுத்துக்கொண்டே, ஒவ்வொருவரிடமும் எந்த இயந்திரம், என்ன வேலை, சென்ஸார் இருந்ததா, எத்தனை மணி நேரம் நின்றாய் என்று கேட்டு எழுதி, 2019 முதல் ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட்டு வருகிறது. ஆலைகள் மறைத்த காட்சியைக் காயப்பட்டவர்களின் வாக்கு வெளிப்படுத்தியது. கும்மிடிப்பூண்டி உலைகளுக்கு அப்படியொரு ஏடு இல்லை.

உரிய காலத்தில் எழுதிவைக்காத ஆதாரத்தைப் பிற்காலத்தில் உண்டாக்க முடியாது என்பதற்குக் கொடைக்கானலே சாட்சி. அங்கே ஹிந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசத்தோடு வேலை செய்ததனால் உடல்நலம் கெட்டதென்று தொழிலாளர்கள் கூற, அதற்குத் தொழிற்சாலை காரணமல்ல என்று நிறுவனம் வாதிட, நிபுணர் குழுக்களும் நீதிமன்றமுமாகக் காலம் கழிந்து, 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் ஏற்பட்டபோது வருஷம் 2016. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் நம்பிக்கை தளர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஈயத்தோடு வேலை செய்பவருடைய இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று சோதித்து, அந்தச் சோதனையின் முடிவை அவர் கையிலேயே கொடுத்து, அவர் சொந்த ஊருக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போகும்படி செய்யாவிட்டால், இருபது ஆண்டுகள் கழித்து ஏதோ ஒரு பீகார்க் கிராமத்தில் அவருக்கு வரும் வியாதிக்குக் காரணத்தை யார் நிரூபிக்க முடியும்?

இதற்கெல்லாம் ஆலை முதலாளிகள் தரப்பிலிருந்து ஓர் ஆட்சேபம் எழும். அதில் நியாயமும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்த வாக்குமூலமே எங்களைச் சிறைக்கு அனுப்பும் ஆயுதமாகிவிடுமே என்கிறார்கள் அவர்கள். ஆகையால்தான் தண்டிக்கும் விசாரணையையும் கற்கும் விசாரணையையும் வேறாகப் பிரிக்கவேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டு 1998-இல் பணி தொடங்கிய ரசாயனப் பாதுகாப்பு வாரியத்துக்கு அபராதம் விதிக்கும் அதிகாரமே கிடையாது. காரணத்தைக் கண்டறிந்து உலகறியச் சொல்வதொன்றே அதன் வேலை. நம் நாட்டிலும், தன்பாத்திலுள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் விபத்துகளிலிருந்து பெற்ற பாடங்களைச் சுற்றறிக்கையாக மற்றச் சுரங்கங்களுக்கு அனுப்புகிறது. சுரங்கத்துக்குச் சாத்தியமானது உலைக்கு எப்படி அசாத்தியமாகும்? குற்றம் செய்தவருக்குத் தண்டனை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தண்டனை தாமதமானாலும் பாடம் தாமதமாகக் கூடாது என்பதே நம் பிரார்த்தனை.

2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பாதுகாப்பு அதிகாரி இருந்தே தீரவேண்டிய ஆலையின் அளவு, முன்பு பொதுவாக 1,000 தொழிலாளராக இருந்தது, 500 ஆகவும், அபாயகரமான தொழில்முறைகளில் 250 ஆகவும் குறைக்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் நம் வட்டாரத்தில் அந்த எண்ணிக்கையையும் எட்டாத சிறிய ஆலைகள் பல. அவற்றில் போர்மேனோ மேஸ்திரியோதான் பாதுகாப்புக்கும் பொறுப்பு. மேலும், அதிகாரிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதால் மட்டும் அவர்களுடைய அறிவு பெருகிவிடாது. புதிய சட்டம் மாநிலத்தில் ஆலோசனை வாரியம் ஒன்றை அமைக்கச் சொல்வதால், அந்த வாரியத்தின்முன் நான்கு காரியங்களை வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, ஒவ்வொரு மரண விபத்துக்கும், மரணம் நேராத வெடிவிபத்துக்கும், ஆலையின் பெயரும் ஆளின் பெயரும் இன்றி, என்ன நடந்தது, ஏன் நடந்தது, எது தடுத்திருக்கும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, 30 நாளைக்குள் தமிழ், ஹிந்தி, ஒடியா, வங்காளி ஆகிய மொழிகளில் அதே வகையான எல்லா ஆலைகளுக்கும் அனுப்ப வேண்டும். இரண்டாவது, வேலைக்காயத்துக்காக ஈ.எஸ்.ஐ. கொடுக்கும் உதவித்தொகைக் கணக்கையும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஆலைகள் கொடுக்கும் விபத்துக் கணக்கையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பகிரங்கப்படுத்த வேண்டும். மூன்றாவது, சென்னைத் தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிலையம், உலகத் தொகுப்பாய்வுகளின் முடிவுகளை உலைக்களத்து மொழியில் சுருக்கித் தந்து, கேட்ட கேள்விக்குச் சில நாட்களில் விடை சொல்லும் ஒரு பகுதியைக் கும்மிடிப்பூண்டிக்காகவாவது திறக்க வேண்டும். நான்காவது, தொழிலாளி தன் காயத்தையும், மயிரிழையில் தப்பியதையும், பெயர் சொல்லாமல், தன் மொழியில் சொல்வதற்கு, அவனுடைய ஆலைக்கு வெளியே ஓர் இடம் வேண்டும்.

2025 செப்டம்பர் 30-ஆம் தேதி, கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையத்தின் கட்டுமானத்தில் உயரத்தில் இருந்த கட்டமைப்பு சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள். நிவாரணம் அறிவிக்கப்பட்டது, அனுதாபம் தெரிவிக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களுக்கு அவை அவசியமே. ஆனால் இன்று இம்மாவட்டத்தில் சாரம் கட்டி உயரத்தில் ஏறும் மற்றொரு தொழிலாளியை அனுதாபம் காப்பாற்றாது. அந்தக் கட்டமைப்பு எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் நிலைதவறியது என்ற செய்தி அவருடைய மேற்பார்வையாளரின் கையில் இருந்தால், அது காப்பாற்றக்கூடும். உயிரைக் கொடுத்து வாங்கிய அறிவை அரசாங்கக் கோப்பிலோ கம்பெனி அலமாரியிலோ பூட்டிவைக்க எவருக்கும் உரிமையில்லை. அது பொதுச்சொத்து, அதை உலையடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அரசாங்கத்தின் கடன், அதைக் கேட்டு வாங்குவது நம் கடன்.